சும்மா கெடக்கற 32 ஆம்ப்ஸ் அடுப்பு லைன்: அதுல ப்ளக் பாயிண்ட் எடுக்கலாமா?

கோயமுத்தூர்ல சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி பக்கம் புதுசா எந்திரிச்ச அபார்ட்மென்ட்கள்ல, ஏன் திருப்பூர், ஈரோட்டுல தனி வீடு கட்டறவங்க வீட்லயும்கூட, கிச்சன் செவுத்துல ஒரு பெரிய சுவிட்ச் இருக்கறதப் பாத்திருப்பீங்க. சின்ன சிவப்பு லைட்டோட, 32 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கும். ஹாப்னு சொல்ற மேடையில பதிக்கற கரண்டு அடுப்பு, செவுத்துக்குள்ள பதிக்கற ஓவன் இதெல்லாம் வெச்சுக்கறவங்களுக்குன்னு டிபி பாக்ஸ்ல (வீட்டுக்கு வர்ற கரண்ட லைன் லைனா பிரிச்சு விடற பெட்டி) இருந்து தனியா இழுத்து விட்ட லைன் அது. ஆனா வீட்டுக்குக் குடி வந்தது கேஸ் அடுப்பும் சிலிண்டரும்தான். அந்த சுவிட்ச் கடுகு டப்பாவுக்குப் பின்னாடி மறைஞ்சு போயிருக்கும், பக்கத்துலயே ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி மிக்ஸி, கிரைண்டர், கெட்டில், ஏர் ஃப்ரையர்னு வரிசையா தொங்கும்.

அப்பறம் வர்ற கேள்வி: "அந்தப் பெரிய லைன் சும்மாதானுங்க கெடக்குது, அதுலயே நாலு ப்ளக் பாயிண்ட் எடுத்துக்கலாமுங்களா?"

எடுக்கலாமுங்க. ஆனா சுவிட்ச கழட்டிட்டு சாக்கெட்ட மாட்டுனா வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சா அதுதான் தப்பு. ஒரு எலக்ட்ரீசியன் "ஒயரு தடியா இருக்கு, ஒண்ணும் ஆகாது"ங்கறாரு, இன்னொருத்தரு "கையே வெக்கக்கூடாது"ங்கறாரு, யூட்யூப்ல வெள்ளைக்காரரு ஒருத்தரு அஞ்சு நிமிஷத்துல மாட்டிட்டு போயிடறாரு. மூணு பேரு சொல்றதுலயும் பாதி பாதி உண்மை இருக்கறதாலதான் இத்தனை குழப்பமும்.

மொதல்ல கணக்கு

வீட்டுக்கு வர்ற சிங்கிள் பேஸ் கரண்டு 230 வோல்ட். எத்தனை ஆம்ப்ஸ் ஓடுதோ அதை 230-ஆல பெருக்குனா வாட்ஸ். இந்த ஒரு பெருக்கல் தெரிஞ்சா போதும்.

6 ஆம்ப்ஸ் பாயிண்ட்னா 1380 வாட்ஸ். 16 ஆம்ப்ஸ்னா 3680. 32 ஆம்ப்ஸ் லைன்னா 7360 வாட்ஸ். நம்ம ஊர்ல இன்னும் 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ்னு பழைய பேர்லயேதான் கடையில கேக்கறோம், இப்ப சாக்கெட்டு மேல அச்சடிச்சு வர்றது 6-ம் 16-ம். 32 ஆம்ப்ஸ்க்கு சாதாரண வீட்டு சாக்கெட்டே கெடையாது, ஹாப்போட ஒயர நேரா அந்தப் பெரிய சுவிட்ச்ல இணைச்சு விடறதுதான் வழக்கம்.

அடுத்தது ஒயரு. அதோட தடிமனை ஸ்கொயர் எம்எம்-ல சொல்றோம். செவுத்துக்குள்ள பைப்புல ஓடற செம்பு ஒயருக்கு தோராயக் கணக்கு என்னன்னா, 2.5 ஒயரு 20 ஆம்ப்ஸ் சுத்தி தாங்கும், 4 ஒயரு 26, 27, 6 ஒயரு 32-க்கு மேல கொஞ்சம் தாங்கும். தோராயம்னு சொல்றதுக்குக் காரணம், ஒரே பைப்புக்குள்ள ஏழெட்டு ஒயர திணிச்சிருந்தாலும், சுத்தி சூடு எச்சா இருந்தாலும் இந்த அளவு கீழ எறங்கிடும். கரூர், ஈரோடு பக்கம் மே மாசம் மொட்டை மாடி காங்கிரீட்டுக்குள்ள ஓடற பைப்பு என்ன சூட்டுல இருக்கும்னு வெறுங்கால்ல மாடி ஏறுனவங்களுக்குத் தெரியும். பிவிசி ஒயரோட தோலு 70 டிகிரி வரைக்கும்தான், அதுல வெளிச்சூடு பாதிய எடுத்துக்கிட்டா கரண்டுக்கு மிச்சம் கம்மிதான்.

எம்சிபி யாருக்குக் காவல்?

குழப்பத்தோட வேரே இங்கதான் இருக்கு. எம்சிபிங்கறது டிபி பாக்ஸ்ல லைனுக்கு லைன் மாட்டியிருக்கற, கரண்டு எச்சா ஓடுனா தானா விழற, அதாவது ஆஃப் ஆகற சுவிட்ச். அது இருக்கறது மிக்ஸியக் காப்பாத்தறதுக்குன்னுதான் பலரும் நெனைக்கறாங்க. கெடையாதுங்க. தனக்குக் கீழ இருக்கற ஒயரும், அந்த ஒயரு போய் முடியற சாக்கெட்டும் சூடாகி எரியாம பாத்துக்கறதுதான் அதோட வேலை.

எம்சிபிக்குள்ள ரெண்டு ஏற்பாடு இருக்கு. ஒண்ணு, ரெண்டு உலோகத்த ஒட்டுன பட்டை, கரண்டு எச்சா ஓடுனா மெதுவா சூடாகி வளைஞ்சு சுவிட்ச தட்டி விடும். இன்னொண்ணு காந்தச் சுருள், ஷார்ட் ஆச்சுன்னா கண்ணிமைக்கற நேரத்துல தட்டிடும். இதுல மொதல் ஏற்பாடு நாம நெனைக்கற அளவுக்கு அவசரக்காரன் இல்ல. வீட்டு எம்சிபிக்கான தரம் என்ன சொல்லுதுன்னா, மேல எழுதியிருக்கற அளவைப் போல 1.13 மடங்கு வரைக்கும் ஒரு மணி நேரம் ஓடுனாலும் விழக்கூடாது, 1.45 மடங்கு ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள விழுந்தே ஆகணும். நடுவுல எது வேணாலும் நடக்கலாம்.

அப்படின்னா 32 ஆம்ப்ஸ் எம்சிபி 36 ஆம்ப்ஸ்ல ஆடாம அசையாம நிக்கும். 46 ஆம்ப்ஸ் ஓடுனாக்கூட அதுக்கு ஒரு மணி நேரம் வரைக்கும் டைம் இருக்கு.

இப்ப அந்த லைன்ல ஒரு 16 ஆம்ப்ஸ் சாக்கெட்ட மாட்டுங்க. ஞாயித்துக்கிழமை ஒறம்பற வந்திருக்காங்க. சாக்கெட்ல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுல இண்டக்ஷன் 2000 வாட்ஸ், ஓவன் 1500, கெட்டில் 1500, மிக்ஸி 750. மொத்தம் 5750 வாட்ஸ், 230-ஆல வகுத்தா சரியா 25 ஆம்ப்ஸ். 16-க்குன்னு செஞ்ச சாக்கெட்டுக்குள்ள 25 ஓடுது. ஒயரு 6 ஸ்கொயர் எம்எம், அதுக்கு இது பொருட்டே இல்ல. எம்சிபி 32, அதுக்கும் பொருட்டே இல்ல. ரெண்டு பலசாலிக்கு நடுவுல மாட்டிக்கிட்டது அந்த சாக்கெட்டோட பித்தளைப் பட்டையும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸோட மெல்லிசான ஒயரும். அதுக ரெண்டும் வெந்துக்கிட்டே இருக்கும், யாருக்கும் தெரியாது, எம்சிபியும் விழாது.

அதே எடத்துல 16 ஆம்ப்ஸ் எம்சிபி இருந்திருந்தா? 25-ங்கறது அதுக்கு 1.56 மடங்கு. சூடாகி கண்டிப்பா விழுந்திருக்கும், வீட்ல நாலு பேரு எலக்ட்ரீசியன திட்டியிருப்பாங்க, சாக்கெட்டு பொழைச்சிருக்கும்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வெச்சிருக்கறவங்களுக்கு இத ரெண்டு வார்த்தையில சொல்லிடலாம். சேசிஸ் எத்தனை டன் தாங்கும்ங்கறது கணக்கே இல்ல, மாட்டியிருக்கற டயரு என்ன தாங்குமோ அதுதான் லோடு. இங்க ஒயரு சேசிஸ், சாக்கெட்டு டயரு. எம்சிபியோட நம்பர சாக்கெட்டப் பாத்துத்தான் எடுக்கணும்.

அதனால தடி ஒயருக்கு சின்ன எம்சிபி போடறதுல ஒரு தப்பும் இல்ல, காசுதான் கொஞ்சம் வீண். சின்ன ஒயருக்கோ சின்ன சாக்கெட்டுக்கோ பெரிய எம்சிபி போடறது எந்தக் காலத்துலயும் ஆகாது.

பீஸ் கட்டைப் பழக்கம்

பைக்காரா பவர் ஹவுஸ் 1932-ல ஓட ஆரம்பிச்சதுல இருந்து கோயமுத்தூர் மில்லுக்கும் தோட்டத்துக் கெணத்துக்கும் கரண்டு பழக்கம். இந்தப் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டரக் கழட்டி மாட்டத் தெரியாத தோட்டத்துக்காரங்க கம்மி. அந்தத் தைரியம்தான் வீட்டு வயரிங்ல காலை வாருது.

பீஸ் அடிக்கடி போகுதுன்னா பீஸ் கட்டையில ஒரு இழைக்கு ரெண்டு இழையா செம்புக் கம்பியச் சுத்தி விடறது நம்ம பழைய வைத்தியம். எம்சிபி வந்தப்பறமும் அதே வைத்தியம் வேற ரூபத்துல தொடருது: 16 விழுதா, 20 போடு, 20 விழுதா, 32 போடு. விழுந்தது ஏன்னு யாரும் கேக்கறதில்ல. "5 எச்பி மோட்டாரையே பாத்தவன், மிக்ஸி பாயிண்ட்டுக்கா இத்தனை ரோசனை"ன்னு கேக்கற பெரியவங்களுக்கு ஒரு கணக்கு. மூணு பேஸ்ல ஓடற 5 எச்பி மோட்டாரு ஒரு பேஸுக்கு இழுக்கறது சுமாரா 8 ஆம்ப்ஸ்தானுங்க. மேல சொன்ன கிச்சன் மேடை ஒத்த பேஸ்ல 25 ஆம்ப்ஸ் இழுக்குது. கெணத்து மோட்டார விட மூணு மடங்கு!

யூட்யூப்ல காட்டறது வேற ஊரு கதை

பிரிட்டன்ல குக்கர் சர்க்யூட்னே தனியா உண்டு, பெரும்பாலும் 32 ஆம்ப்ஸ், 6 ஸ்கொயர் எம்எம். அத ப்ளக் பாயிண்ட்டா மாத்தற வீடியோ நெறைய இருக்கு, அவங்க 32 எம்சிபிய அப்படியே வெச்சுக்கிட்டு சாக்கெட்ட மாட்டிட்டுப் போறதும் உண்மைதான். அங்க அது செல்லும். ஏன்னா அவங்க ஊரு ப்ளக்குக்குள்ளயே, அந்த மூணு தடிக் கட்டை ப்ளக்குக்குள்ள, ஒரு குட்டி பீஸ் இருக்கு, அதிகபட்சம் 13 ஆம்ப்ஸ். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனிக் காவல்காரன் ப்ளக்குலயே உக்காந்திருக்கான். நம்ம ப்ளக்குல உருண்டைக் கம்பி மூணு இருக்கு, பீஸ் கெடையாது. இங்க காவல் டிபி பாக்ஸ்ல இருக்கற எம்சிபி ஒருத்தன்தான்.

அமெரிக்கா கதை அதைவிட வேற. அங்க சாதாரண பாயிண்ட் 120 வோல்ட், கரண்டு அடுப்புக்கு மட்டும் ரெண்டு லைவ் ஒயரு சேந்து 240 வோல்ட், 40 இல்லன்னா 50 ஆம்ப்ஸ் பிரேக்கர். அத சாதாரண பாயிண்ட்டா மாத்தணும்னா பிரேக்கரையே 15-க்கோ 20-க்கோ எறக்கணும், ஒரு லைவ விடணும், நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியா இருக்கான்னு பாக்கணும். அவங்க விதிகள்ல புது வீட்டு அடுப்பு லைனுக்கு நாலு ஒயரு கட்டாயம்னு ஆனதே 1996-லதான், அதுக்கு முந்துன வீடுகள்ல மூணு ஒயர்லயே ஓட்டியிருப்பாங்க. நமக்கு அந்த வோல்டேஜ் குழப்பம் இல்ல, எல்லாமே 230. ஆனா ஒரு விதிவிலக்கு இருக்கு, கீழ வருது.

மாத்தறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

லைசென்ஸ் இருக்கற வயர்மேன் செய்ய வேண்டிய வேலைதான் இது, ஆனா அவரு என்ன பாக்கறாருன்னு நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

1. ஒயரு எத்தனைன்னு கண்ணால பாக்கணும். ஒயரு தோலு மேலயே அச்சடிச்சிருக்கும். எம்சிபியில 32-ன்னு போட்டிருக்குங்கறதுக்காக ஒயரு 6-ஆத்தான் இருக்கும்னு நம்பிடக்கூடாது. 4 ஒயர்ல 32 எம்சிபிய மாட்டி விட்டுட்டுப் போன வேலைகள் உண்டு. அப்படி இருந்தா சாக்கெட்டு மாட்டறோமோ இல்லையோ, மொதல்ல அந்த எம்சிபி 25-க்கோ அதுக்கும் கீழயோ எறங்கணும்.

2. அந்த லைன் வழியில வேற எங்கயும் பிரிஞ்சு போகுதான்னு பாக்கணும். எம்சிபிய எறக்கி விட்டா பாத்ரூம் கீசரும் சேந்து நிக்குதுன்னா, யாரோ நடுவுல இருந்து இழுத்திருக்காங்கன்னு அர்த்தம். சும்மா கெடக்கற லைன்னு நாம நெனைச்சது சும்மா கெடக்கல.

3. மேல சொன்ன விதிவிலக்கு இதுதான். மூணு பேஸ் சர்வீஸ் இருக்கற பெரிய வீடுகள்ல ஹாப் பாயிண்ட்டுக்கு ரெண்டு பேஸ் கொண்டாந்து விட்டிருக்கலாம், சில பெரிய ஹாப்புகள அப்படித்தான் இணைப்பாங்க. அந்த ரெண்டு ஒயருக்கு நடுவுல 230 இல்ல, 400 வோல்ட். அதுல ஒண்ண நியூட்ரல்னு நெனைச்சு சாக்கெட்டுக்குக் குடுத்தா மிக்ஸி ஒரு உறுமு உறுமிட்டு அடங்கிடும். மீட்டர் வெச்சு அளந்து பாக்காம இதுல எதையும் முடிவு பண்ணக்கூடாது.

4. எர்த் ஒயரு பெட்டி வரைக்கும் வந்திருந்தா மட்டும் பத்தாது, டிபியில எர்த் பட்டையில இணைச்சிருக்கான்னும் பாக்கணும். பச்சை ஒயரு ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்துக்கிட்டு எதுலயும் மாட்டாம சுருட்டி வெச்சிருக்கற பெட்டி நெறைய உண்டு.

கரண்டு இல்லைன்னு உறுதி பண்றதுக்கு டெஸ்டர மட்டும் நம்பக்கூடாது. டெஸ்டர் எரியலைன்னா கரண்டு இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க, செருப்பு, கீழ போட்டிருக்கற மேட்டு, வெளிச்சம், டெஸ்டரோட பல்பு எது வேணாலும் ஏமாத்தும். அதோட மெயின எறக்குனாலும் இன்வெர்ட்டர் வீட்டுக்குள்ள கரண்டு விட்டுக்கிட்டேதான் இருக்கும், அதையும் அணைக்கணும்.

எப்படி மாத்தறது: ரெண்டு வழி

முதல் வழி சிக்கனம். டிபியில 32 எம்சிபிய எடுத்துட்டு 16 போடறது, கிச்சன்ல பெரிய சுவிட்ச் இருந்த எடத்துல ரெண்டு 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டு. அவ்வளவுதான். ரெண்டு சாக்கெட்டும் சேந்து 3680 வாட்ஸ்க்குள்ள ஓட்டிக்கணும், இண்டக்ஷனும் ஏர் ஃப்ரையரும் ஒண்ணா ஓடுனா கிட்டத்தட்ட எல்லைக்கு வந்துரும். 20 எம்சிபி போட்டா என்னன்னு கேப்பாங்க. நம்ம ஊர் வயரிங்ல 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டுக்கு 20 எம்சிபிங்கறது சாதாரணமா ஓடற பழக்கம்தான். என்னைக் கேட்டா, ரெண்டு சாக்கெட்டு இருக்கற எடத்துல 16-தான் நல்லது. 20-னா 22 ஆம்ப்ஸ் வரைக்கும் ஒத்த சாக்கெட்ல ஓடுனாலும் அது வாயத் தொறக்காது. ஒரு பவர் லைன்ல ரெண்டு 16 ஆம்ப்ஸ் பாயிண்ட்டுக்கு மேல வேண்டாம்ங்கறது நம்ம வயரிங் விதிகள்ல ரொம்ப காலமா இருக்கற கணக்கு.

எம்சிபி வாங்கறப்ப சி டைப்பா கேட்டு வாங்குங்க. கிரைண்டர், ஃப்ரிட்ஜ் மாதிரி மோட்டார் இருக்கற சாமான் ஸ்டார்ட் ஆகறப்ப ஒரு நொடி எச்சா இழுக்கும், பி டைப் சில சமயம் அதுக்கே விழுந்துரும்.

ரெண்டாவது வழிதான் அந்தத் தடி ஒயர முழுசா பயன்படுத்தறது. ஒயரு நெசமாவே 6 ஸ்கொயர் எம்எம்னா, டிபியில 32 எம்சிபி அப்படியே இருக்கட்டும். கிச்சன்ல, அடுப்புக்கும் சிங்க்குக்கும் தள்ளி, கை எட்டற எடத்துல ஒரு குட்டி டிபி பாக்ஸ். அட்டாலிக்குள்ள ஒளிச்சு வெக்காதீங்க, ராத்திரி விழுந்தா ஸ்டூல் போட்டு ஏற வேண்டி வரும். அந்தப் பாக்ஸ்ல உள்ள வர்ற எடத்துல 40 ஆம்ப்ஸ், 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா விழற சுவிட்ச், விவரம் கீழ வருது) ஒண்ணு, அதுக்குக் கீழ 16 எம்சிபி ரெண்டு, ஒவ்வொண்ணுல இருந்தும் ரெண்டு ரெண்டு சாக்கெட்டு. இப்ப 32 எம்சிபி அந்தத் தடி ஒயருக்குக் காவல், 16 எம்சிபி சாக்கெட்டுக்குக் காவல், அவங்கவங்க எல்லைய அவங்கவங்க பாத்துக்கறாங்க. மொத்தம் நாலு சாக்கெட்டு, 7360 வாட்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ அன்னைக்கே பழைய இரும்புக்காரருக்குக் குடுத்துடலாம். செலவு கொஞ்சம் எச்சு, செவுத்தக் கொத்தணும், தூசி பறக்கும், ஆனா ஒழுங்கான வழின்னா இதுதான்.

இன்னொரு வசதி, நாளைக்கு நெசமாவே ஹாப் வாங்குனா, குட்டிப் பாக்ஸக் கழட்டிட்டு பழையபடி 32 சுவிட்ச மாட்டிக்கலாம்.

84 இழை

6 ஸ்கொயர் எம்எம் ஒயர உரிச்சுப் பாத்தா உள்ள 0.3 எம்எம் கம்பி 84 இருக்கும். 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டோட ஓட்டைக்குள்ள அது லேசுல நொழையாது, சாக்கெட்டுக்கும் சாக்கெட்டுக்கும் இணைப்புக் குடுக்கறப்ப ரெண்டு ஒயரு நொழையணும்னா நொழையவே நொழையாது. அப்பத்தான் கட்டிங் பிளையர எடுத்து பாதி இழைய நறுக்கிட்டு மிச்சத்த முறுக்கி உள்ள தள்ளறது நடக்குது.

அப்படி மாட்டுன ஒரு பெட்டியக் கழட்டுனா பாக்கலாம். வெளிய வெள்ளைத் தகடுல சுவிட்சோரமா டீக்கறை மாதிரி லேசா ஒரு பழுப்பு, அவ்வளவுதான் தெரியும். உள்ள நியூட்ரல் திருகுக்குப் பக்கத்துல செம்பு கருநீலமா மாறியிருக்கும், கருப்புத் தோலு அரை இஞ்ச் தூரத்துக்கு சுருங்கிப் பின்னாடி போயிருக்கும், தொட்டா பொடிப்பொடியா உதிரும், திருகத் திருப்பிப் பாத்தா ரெண்டு சுத்து லூசு. மீன் கெட்ட மாதிரி ஒரு வாடை வரும், வீட்ல இருக்கறவங்க அத சிங்க் குழாய்ல இருந்து வருதுன்னு நெனைச்சுக்கிட்டு பினாயில் ஊத்திக்கிட்டு இருப்பாங்க. 84-ல 40 இழைதான் பிடிப்புல இருக்குன்னா அந்த எடத்துல அது 6 ஒயரு இல்ல, 3-ஐக்கூடத் தொடாத ஒயரு, அதுவும் சரியா இறுக்காத ஒயரு.

சரியான முறை என்னன்னா, தடி ஒயர பெட்டிக்குள்ளயே நல்ல கனெக்டர்ல முடிச்சு, அதுல இருந்து ஒரு முழம் 2.5 இல்ல 4 ஒயர சாக்கெட்டுக்குக் குடுக்கறது. எம்சிபி 16-க்கு எறங்கியிருந்தா 2.5 தாராளமா போதும். எம்சிபி 32-ஆவே இருக்கறப்ப இப்படி 2.5-ல துண்டு இழுத்தா அது எரியறதுக்குன்னே மாட்டுன துண்டு. கனெக்டர் இருக்கற பெட்டிய டைல்ஸ் போட்டு மூடிடக்கூடாது, என்னைக்கும் தொறந்து பாக்கற மாதிரி இருக்கணும்.

பழைய வீட்ல அலுமினிய ஒயரு இருந்தா இந்த வேலையே வேண்டாம், புதுசா செம்பு இழுத்துக்கறது மேல்.

எர்த்து: 10 ஓம் கணக்கு

கிச்சன்ல ஈரக்கை, ஈரத்தரை, கிரைண்டர் கழுவற தண்ணி. எர்த்து இருக்கு, அதனால பயமில்லைன்னு சொல்றவங்க இந்தக் கணக்கப் பாக்கணும்.

கிரைண்டர் பாடியில கரண்டு எறங்குதுன்னு வெச்சுக்கங்க. அது எர்த் ஒயரு வழியா நம்ம வீட்டுக் குழிக்குப் போயி, மண்ணு வழியா டிரான்ஸ்ஃபார்மர் எர்த்துக்குத் திரும்பணும். நம்ம பக்கத்து மண்ணுதான் தெரியுமே, நாலடி தோண்டுனா சுக்கான், அதுக்குக் கீழ பாறை, பங்குனி சித்திரையில ஈரமே இருக்காது. உப்பும் கரியும் கொட்டுன குழியும் காஞ்சு கெடக்கும். ரெண்டு எர்த்தும் சேத்து 10 ஓம் தடை இருக்குன்னா ஓடற கரண்டு 230-ஐ 10-ஆல வகுத்தா 23 ஆம்ப்ஸ்.

32 எம்சிபிக்கு 23 ஆம்ப்ஸ்ங்கறது சாதாரண லோடு. அது விழவே விழாது. கிரைண்டர் பாடி கரண்டோடயே நிக்கும், யாராச்சும் தொடற வரைக்கும். 16 எம்சிபியா இருந்தாலும் உடனே விழாது, 1.44 மடங்குதான். எம்சிபி இதுக்கான ஆளே இல்லைங்கறதுதான் விஷயம்.

இதுக்கான ஆளு ஆர்சிசிபி. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒண்ணா இருக்கான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும், 30 மில்லிஆம்ப்ஸ், அதாவது ஒரு ஆம்ப்ஸ்ல நூத்துல மூணு பங்கு வழி தவறுனா 0.3 நொடிக்குள்ள தட்டி விட்டுரும். டிபியில ஏற்கனவே ஆர்சிசிபி இருக்குன்னு சொல்றவங்க அதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும். 100 மில்லிஆம்ப்ஸ்னு இருந்தா அது தீப்பிடிக்காம பாக்கறதுக்கு, மனுசனக் காப்பாத்தறதுக்கு 30-தான். மேல இருக்கற டெஸ்ட் பட்டனை மாசம் ஒருக்கா அமுக்கிப் பாக்கணும், வாங்குன நாள்ல இருந்து அத ஒரு தடவைகூட அமுக்காத வீடுகதான் எச்சு. எர்த்துக் குழிக்கு வெயில் காலத்துல ரெண்டு கொடம் தண்ணி ஊத்தறதும் இதே கணக்குல சேந்ததுதான்.

ஆர்சிசிபி எச்சா லோடு போனா விழாது. அதுக்கு எம்சிபி வேணும். ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து கெடையாது.

ஃப்ரிட்ஜ இந்தப் புது சாக்கெட்ல மாட்டாதீங்க, பழைய பாயிண்ட்லயே இருக்கட்டும். ஆடி 18-க்கு பவானி கூடுதுறைக்குப் போயிட்டு குலதெய்வம் கோயிலயும் பாத்துட்டு மூணு நாள் கழிச்சு வந்தா, கெட்டிலால ஆர்சிசிபி விழுந்து ஃப்ரிட்ஜும் சேந்து நின்னுருக்கும், அப்பறம் உள்ள இருக்கற மாவோட கதைய சொல்ல வேண்டியதில்ல.

மாட்டுன அன்னைக்கே விழுதுன்னா

புது சாக்கெட்ல எதையாச்சும் போட்ட உடனே ஆர்சிசிபி விழுந்தா சாமான்ல கோளாறுன்னு நெனைப்போம். முக்கால்வாசி அது நியூட்ரல் கலப்பு. வயர்மேன் அடுப்பு லைன்ல இருந்து பேஸ எடுத்துட்டு, நியூட்ரல பக்கத்து லைட் போர்டுல இருந்து எடுத்திருப்பாரு, ஏன்னா அது கைக்குப் பக்கத்துல இருந்துச்சு. போனது ஒரு வழி, வந்தது வேற வழின்னா ஆர்சிசிபி கணக்கு இடிக்கும், விழுந்துரும். ஒவ்வொரு லைனுக்கும் அதோட பேஸ், அதோட நியூட்ரல், கடைசி வரைக்கும் ஜோடி பிரியக்கூடாது. இதுக்கு வைத்தியம்னு ஆர்சிசிபியவே பைபாஸ் பண்ணி விடறவங்க இருக்காங்க, அவங்களுக்கு அன்னைக்குக் காப்பி குடுத்து அனுப்பி வெச்சுட்டு வேற ஆளப் பாருங்க.

மூணு பேஸ் வீடுன்னா, புது சாக்கெட்டும் பக்கத்துல இருக்கற பழைய சாக்கெட்டும் ஒரே பேஸ்ல வர்ற மாதிரி வெச்சுக்கறது நல்லது. ஒரே மேடையில ரெண்டு பேஸ் இருந்தா நடுவுல 400 வோல்ட் நிக்குது.

மொதல் வழியில மாத்தியிருந்தா டிபி மூடிக்குள்ள ஒரு சீட்டு ஒட்டி விடுங்க: 'பழைய அடுப்பு லைன், ஒயர் 6, சாக்கெட் 16, எம்சிபி 16-க்கு மேல போடாதே.' அஞ்சு வருஷம் கழிச்சு எம்சிபி பழுதாகி வேற ஒருத்தர் வந்து பாக்கறப்ப, தடி ஒயரப் பாத்துட்டு "யாரோ தெரியாம சின்ன எம்சிபி போட்டிருக்காங்க"ன்னு திரும்ப 32 மாட்டிட்டுப் போயிடுவாரு, அதத் தடுக்கறதுக்குத்தான் இந்தச் சீட்டு.

ஈபி லோடும், கார் சார்ஜரும்

சாக்கெட்டு எண்ணிக்கை கூடுனதால மட்டும் எதுவும் கூடாது, ஓட்டறது கூடுனாத்தான் கூடும். ஆனா ஏற்கனவே ரெண்டு ஏசி, கீசர், இப்ப இண்டக்ஷன்னு சேந்துக்கிட்டே போச்சுன்னா சாங்ஷன் லோடு, அதாவது நம்ம வீட்டுக்கு ஈபி அனுமதிச்ச லோடு, எத்தனைன்னு கரண்டு கார்டுல பாத்து, தாண்டுதுன்னா ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து ஏத்திக்கணும். உள்ள என்னதான் 6 ஒயரா இருந்தாலும் போஸ்டுல இருந்து மீட்டருக்கு வர்ற ஒயரும் கட்அவுட்டும் தாங்கற அளவுதான் வீட்டோட மொத்த அளவு.

அந்த 32 லைன கிச்சன்ல இருந்து அப்படியே வாசலுக்கு இழுத்து கார் சார்ஜ் போட்டுக்கலாமான்னு இப்ப எச்சா கேக்கறாங்க. கிச்சன் லோடு வேற ஜாதி. இண்டக்ஷன் அரை மணி நேரம், கெட்டில் அஞ்சு நிமிஷம், நடுவுல ஒயரு ஆறிக்கும். காரு 15, 16 ஆம்ப்ஸ வெச்ச கண்ணு வாங்காம ராத்திரி முழுக்க எட்டு, பத்து மணி நேரம் இழுக்கும், மேல சொன்ன அந்த லூசுத் திருகு எங்க இருக்குன்னு அதுதான் கண்டுபிடிச்சுக் குடுக்கும், எல்லாரும் தூங்கறப்ப. காருக்குன்னா டிபியில இருந்து புதுசா தனி லைன், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி. கரண்டு ஸ்கூட்டர்னா அந்த அளவு இழுக்காது, போர்ட்டிகோவுல இருக்கற நல்ல 16 ஆம்ப்ஸ் பாயிண்ட்டே போதும், கிச்சன் லைனத் தொட வேண்டியதில்ல.